அறைக்குத் திரும்பாதவள்

ஐரோப்பாவில் நடந்த மூவாயிரம் மீற்றர் தடைதாண்டல் போட்டியில் வெண்கலம் வென்ற மயூரிகா, மறுநாள் விடுதியிலிருந்து காணாமல் போனாள். விசாரிக்க, இலங்கை விளையாட்டு அதிகாரி ஒருவர் சுன்னாகத்திலிருந்த அவளது வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, மகள் உங்களோடை கதைச்சவவோ?"

"இல்லை சேர். என்ரை பிள்ளையைத் தேடித் தாங்கோ!" குணலட்சுமி கதறினாள்.

"உடனை வராட்டி, இனி அவ இலங்கைக்காக ஓடேலாது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

குணலட்சுமியின் அழுகை நிற்கவில்லை. கணவர் படலையைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தாள் போயிட்டுது. இன்னும் ஏன் அழுறாய்? பிள்ளை அங்கை உன்ரை தம்பி வீட்டிலை பத்திரமாய்த்தானே இருக்கிறாள்?"

"அவள் திரும்பி வரத்தான் நிண்டவள். அடுத்தமுறை தங்கம் எடுப்பன் எண்டவள். நான்தானே வரவேண்டாம் எண்டு சொன்னனான்!"