இரண்டு கூண்டு பீன்ஸ்

“எதுல ஓசோன் இருக்குன்னு இப்பவே சொல்லிடவாடி?” என்றாள் அக்கா, காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி.

“வாயைத் திறக்காதக்கா. எடை போட்டப்புறம் சொல்லு,” என்றாள் தங்கை.

தங்கை பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. வானத்தில் நமக்குக் குடை பிடிக்கும் ஓசோன், தரையில் இலைக்குள் புகுந்தால் விஷம் என்று அக்காவுக்கு வரும் வழியிலேயே விளக்கியிருந்தாள். கூரையில்லாத, அடியிலிருந்து விசிறி காற்று ஊதும் இரண்டு பிளாஸ்டிக் கூண்டுகள். ஒரே மண், ஒரே விதை, ஒரே தண்ணீர். ஒன்றின் காற்றில் ஓசோன் உண்டு, மற்றதில் இல்லை. எது எதுவென்று தெரியாத ஆள்தான் காய் பறித்து எடை போட வேண்டும். பக்கத்து ஊரில் பதினைந்து வருடமாகப் பீன்ஸ் பயிரிடும் அக்காவை அதற்காகத்தான் வரவழைத்திருந்தாள்.

அக்காவுக்கும் அன்று வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. நான்கு வருடமாக அவள் தோட்டத்தில் விளைச்சல் இறங்கிக்கொண்டே வந்தது. விதையை மாற்றினாள், உரத்தை மாற்றினாள், மண்ணைச் சோதனைக்கு அனுப்பினாள். மண்ணில் குறையில்லை என்று முடிவு வந்ததும், அப்படியானால் குறை உன் வேலையில்தான் என்று கணவர் சொல்லிவிட்டார். நிலத்தை விற்கவும் ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

இடது கூண்டில் நுழைந்ததுமே அவள் கை தானாக வேகம் பிடித்தது. இலையெல்லாம் கரும்பச்சை. கொத்துக் கொத்தாகக் காய். தராசு பன்னிரண்டு கிலோ காட்டியது. வலது கூண்டில் இலைகள் வயதுக்கு முன்பே பழுத்துப் பாதி உதிர்ந்து கிடந்தன. தேடித் தேடிப் பறித்தும் எட்டு கிலோவைத் தாண்டவில்லை. தங்கை இரண்டு எடையையும் குறித்துக்கொண்டாள். மூன்று மாத உழைப்புக்குக் கிடைத்த முதல் கணக்கு அது.

“வலதுலதான் ஓசோன். என்ன பந்தயம்?” என்றாள் அக்கா.

தங்கை குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினாள். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் கண் இன்னும் பழுதாகவில்லை, கைக்கும் தொழில் மறக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வலது கூண்டைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

“பாவம்டி இந்தச் செடிங்க. இப்படி வதைக்க எத்தனை சிலிண்டர் வாயு விட்டீங்க?”

தங்கையால் அதற்கு மேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை. அக்காவின் தோள்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு சிலிண்டரும் இல்லக்கா. வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயில்ல ஓசோனா மாறி, வெளிக்காத்துலயே இருக்கு, வருஷா வருஷம் கூடிட்டும் வருது. இடது கூண்டுக்கு அதை வடிகட்டி விட்டோம், வலதுக்கு அப்படியே விட்டோம். நாலு வருஷமா உன் தோட்டம் குடிக்கிறதும் அந்தக் காத்தைத்தான்.”