ஆட்டத்துக்கு வெளியே

“நீ படிக்க வந்தியா தொரிகா, இல்ல இவருக்குக் காவலுக்கு வந்தியா?”

விரிவுரையாளர் அசெனதாவுக்கு எரிச்சல். பிஜித் தீவின் தலைநகர் சுவாவில் விளையாட்டு அறிவியல் பட்டப்படிப்பின் செய்முறைத் தேர்வு நாள் அது. வகுப்பில் எல்லோரும் இளவட்டங்கள். இசிகேலிக்கு மட்டும் ஐம்பத்திரண்டு வயது. ஒரு கிராமத்து ரக்பி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். உடலியங்கியலில் இரண்டு முறை தோற்று, மூட்டை கட்டியவர். இரண்டு முறையும் அவரைப் பஸ் நிலையத்திலிருந்து திரும்ப இழுத்து வந்தவள் கூடப் படிக்கும் இருபது வயது தொரிகா.

“அடிபட்ட ஆளா நானே நடிக்கிறேன் மேடம். மாமா என்னைப் பரிசோதிக்கட்டும்.”

மைதானத்தில் தூறல். தலையில் அடிபட்டவளாகத் தொரிகா புல்லில் கிடந்தாள். அவள் தொடர்ந்து ஆடலாமா என்று இசிகேலி சொல்ல வேண்டும்.

“இது எந்த கிரவுண்டும்மா? கடைசி பாயிண்ட் யாரு எடுத்தா?”

பதில்கள் சரியாக வந்தன. ஒற்றைக் காலில் நின்றபோதுதான் லேசாகத் தள்ளாடினாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல மாமா. அஞ்சு நிமிஷ ஆட்டம்தானே பாக்கி? உள்ள அனுப்புங்க மாமா, ப்ளீஸ்.”

இசிகேலி இரண்டு நிமிடம் அவளையே பார்த்தபடி நின்றார்.

“தாத்தா நின்னுக்கிட்டே தூங்கிட்டாருடா!” என்றான் பின்னால் ஒருவன்.

“முடியாது” என்றார் ஒருவழியாக. “நீ எவ்வளவு கெஞ்சினாலும் விட மாட்டேன். வெளிய வா.”

சொல்லிவிட்டு ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தேர்ச்சி என்று குறித்த அசெனதா, தொரிகாவைத் தனியே அழைத்தாள்.

“மத்தவங்க அரை நிமிஷத்துல சொல்லிட்டாங்க. இவர் எதுக்கு இப்படி அழறார்? உன் சொந்த மாமாவா?”

“இல்ல மேடம். எங்க அண்ணனோட கோச். மூணு வருஷம் முன்னாடி அண்ணனும் தலையில அடிபட்டு இதே மாதிரி கெஞ்சினான். இவர் உள்ள அனுப்பிட்டார்.”

தொரிகா புல்லில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவனை அடக்கம் பண்ணினப்புறம், மன்னிப்புக் கேட்டு, நம்ம வழக்கப்படி காணிக்கையாத் திமிங்கலப் பல்லோட எங்க வீட்டுக்கு வந்து மண்டி போட்டார். அம்மா அதைத் தொடக்கூட இல்ல. இந்தப் படிப்புல சேர அண்ணன் எழுதி வெச்சிருந்த விண்ணப்பத்தை அவர் கையில குடுத்து, ‘என் மகன் படிக்க வேண்டியதை நீ படிச்சு முடி, அப்புறம் வா’ன்னாங்க.”