கிளி இருந்த இடம்

அருங்காட்சியகத்தின் கடைசி மூலையில், கல் பீடத்தின் மேல் ஒரு மரக்கிளி உட்கார்ந்திருந்தது. கழிவறையைத் தேடி வருகிறவர்கள்தான் அந்தப் பக்கம் வருவார்கள். அவர்களும் அவசரத்தில் கிளியைப் பார்த்ததில்லை.

ஒருநாள், கடல் கடந்த ஓர் அருங்காட்சியகம் தன் கண்காட்சிக்கு அந்தக் கிளியை இரவல் கேட்டது. பஞ்சு சுற்றி, பெட்டியில் வைத்து, விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிவந்த கிளிக்குத் தலைகால் புரியவில்லை.

"பீடம் அண்ணே, நான் இல்லாம இந்தப் பக்கம் ஈ காக்கா கூட வந்திருக்காதே?"

"நீ வேற! திருவிழாக் கூட்டம்! 'வெளிநாட்டுக் கண்காட்சிக்குச் சென்றுள்ளது'ன்னு என் மேல ஒரு அட்டை வெச்சாங்க. அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்காத ஆளே இல்ல."

கிளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "வெறும் அட்டைக்கே இப்படின்னா, இனிமே என்னைப் பார்க்க எவ்வளவு பேர் வருவாங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு குடும்பம் மூச்சிரைக்க வந்து நின்றது. அம்மாக்காரி காவலாளியைக் கூப்பிட்டாள்.

"வெளிநாடு போன கிளி இருந்த இடம் இதுதானே?"

"இதுதாம்மா."

"போட்டோ எடுக்கணும். இந்தக் கிளியைக் கொஞ்சம் நகர்த்தி வைங்களேன்."