எபி எங்கேயும் போகமாட்டான்

"எபி போயிட்டாம்னா கம்பெனியப் பூட்டிட்டு, நாம ரெண்டு பேரும் வாழைத்தார் சுமக்கத்தான் போணும் வே!"

மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் திருஞானசம்பந்தத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கூட்டாளி உமர் பாரூக் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவைகுண்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி என்று சொன்னால் சிரிக்காத ஆள் கிடையாது. அதற்கு ஏழு பேரைப் பிடித்து, ஓடிவிடாமல் வைத்திருப்பதற்குள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. துபாய் ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் செய்யும் புரோகிராம் முழுக்க எபியின் கைவேலை. அடுத்த மாதம் அதை ஒப்படைக்க வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தானா பெங்களூர்க்காரன் அவனுக்கு ஆஃபர் லெட்டர் அனுப்பித் தொலைக்க வேண்டும்?

"அவனுக்கு நாம என்னவே குறை வச்சோம்? அவனுவ ரூமுக்கு ஏசி போட்டோம். 'முடிஞ்சிட்டா, முடிஞ்சிட்டா'ன்னு ஒரு நாளு நச்சரிச்சிருப்பமா? புரோகிராம்ல கோளாறு வந்தா, 'ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வாடே'ன்னு துண்டு கொடுத்து அனுப்புத கம்பெனி உலகத்துல வேற எங்கவே இருக்கு?"

"போன வாரம் ஒரே கோளாறுக்கு ஏழு பேரும் போய்க் குளிச்சானுவ," என்றார் பாரூக். "கோளாறு அப்படியே இருக்கு. அவனுவளுக்குச் சளி பிடிச்சதுதான் மிச்சம்."

"வெளையாடாதியும் வே. அவனக் கூப்பிடும்."

எபி வந்தான். தலையில் ஈரம் இன்னும் காயவில்லை.

"உக்காருடே எபி." சம்பந்தத்தின் குரல் தானாகக் குழைந்தது. "பெங்களூர்ல இருந்து லெட்டர் வந்திருக்காமே?"

"ஆமா அண்ணாச்சி. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அங்க போனா பாதி நாளு பஸ்ஸுலயே போயிரும்டே. நல்லா யோசிச்சிக்கோ."

"அதத்தான் நானும் வீட்டுல சொன்னேன். இந்த மாதிரி ஒரு இடம் தேடினாலும் கிடைக்காது அண்ணாச்சி. சத்தம் கிடையாது, நச்சரிப்பு கிடையாது. வெள்ளிக்கிழமைன்னா பாய் வீட்டு நெய்ச்சோறு வேற. இத விட்டுட்டு எவன் போவான்?"

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"சத்தியமா அண்ணாச்சி. நான் எங்கயும் போகமாட்டேன்."

சம்பந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்! எட்டி அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பாத்தீரா வே? பெங்களூராம், பெரிய பெங்களூர்! வேலை பாக்குத இடம் நல்லா இருந்தா பிள்ளைய ஏன்வே ஓடுது?"

பாரூக் எழுந்து போய், ஏழு பேருக்கும் டீயோடு வடையும் சொல்லிவிட்டு வந்தார்.

"அப்ப அந்த லெட்டருக்கு என்னடே பதில் போடப்போற?" என்றார் சம்பந்தம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சேந்துக்கிடுதேன்னு நேத்தே போட்டாச்சே அண்ணாச்சி! எங்க இருந்து வேணும்னாலும் வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாவ. வீட்டுலன்னா தங்கச்சியோட ரெட்டைப் பிள்ளைய அழுது ஊரக் கூட்டுது. அதனால வழக்கம்போல தினமும் இங்கனயே வந்து, அவங்க வேலையப் பாத்துக்கிடுதேன்."

எழுந்து போனவன் கதவருகில் நின்று திரும்பினான்.

"எனக்குப் பதிலா வாற ஆளுக்கு என் மேசைய மட்டும் கொடுத்திராதீய, என்ன?"