ட்ரை ஃபுட்டே போதும்

“இதுக்கு மூத்திரப்பையில கல் இருக்கு. இனிமே ட்ரை ஃபுட் கூடாது, வெட் ஃபுட்தான்,” என்றார் பூனை டாக்டர். “அது வெச்சுட்டுப் போனா கெட்டுடும். வீட்டுல இருக்குற ரெண்டையும் ஒரே நேரத்துல கூப்பிட்டுப் போடுங்க.”

மனைவிக்கு வியர்த்தது. “ட்ரை ஃபுட்டே இருக்கட்டுமே டாக்டர். தட்டுல கொட்டி வெச்சா, அதுங்க இஷ்டத்துக்கு வந்து தின்னுட்டுப் போகும்.”

“அதானே!” என்றான் கணவன். கல்யாணமான பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

“கல் அடைச்சா உயிருக்கே ஆபத்து.”

இருவரும் வெட் ஃபுட் டின்களை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்ததும் கறுப்புப் பூனைகள் இரண்டும் ஓடி வந்தன. பின்னாலேயே, அச்சு அசலாக இன்னொரு கறுப்பு.

மனைவி காலில் விழாத குறை. “மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சுங்க. மூணாவதா ஒண்ணு வந்தா வீட்டை விட்டே போயிடுவேன்னு நீங்க சொன்னீங்களா... ஒரே கலர்தானே, தெரியாதுன்னு நெனச்சேன்...”

அவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

போயே விடுவானோ என்று பதறி, அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“திறந்து வை,” என்றான். “நான் கொண்டு வந்த ரெண்டும் இன்னும் வரலை.”