வடக்கு வாசல்

கடப்பாரையோடு கொம்பையா மேஸ்திரி வந்தபோது, முத்துசெல்வி டவுன்ஹாலின் வடக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எழுந்திருக்கச் சொன்னார். மாட்டேன் என்றாள்.

விஷயம் பரவி, வேலையில் இருந்த எல்லாரும் கூடிவிட்டார்கள். புதுப்பிப்புக் குழுத் தலைவர், மேலத்தெரு உரக்கடை பூவனநாதனும் வந்தார்.

கரிசல் மண் பிளந்து பிளந்து, நூறு வருஷக் கட்டடம் விரிசல் விட்டுக் கிடந்தது. இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாம் என்ற பேச்சு வந்தபோது ஊரே மறியலில் உட்கார்ந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்தவள் தையல்கடை முத்துசெல்வி. பிறகு தெருவுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். மேலத்தெருவுக்குக் கூரை, தெற்குத்தெருவுக்குத் தரை. தன் தெற்குத்தெருப் பிள்ளைகளைத் திரட்டி வந்தவளும் அவள்தான்.

அப்படிப்பட்டவள் இன்று மறிக்கிறாள்.

வடக்குச் சுவரில் ஒரு வாசல் இருந்து அடைபட்டிருக்கிறது. மங்கிப்போன பழைய போட்டோ ஒன்றில் அதைக் கண்டுபிடித்தது பூவனநாதன்தான். அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே அதைத் திறக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

காரணம் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை.

கூட்டமே காரணம் கண்டுபிடித்தது. அந்த வாசல் திறந்தால், சுவரை ஒட்டிய சந்தில் அவள் தையல்கடைக்குப் போட்டிருக்கும் தகரச் சாய்ப்பைப் பிரிக்கவேண்டி வரும். ஊருக்கு உழைக்கிற மாதிரி உழைத்து, தன் கடை என்றதும் சுயரூபம் தெரிகிறது என்றார் ஒருவர். முன்னால் நின்று கைதட்டு வாங்கத்தான் இவ்வளவும் என்றார் இன்னொருவர்.

"அப்படியே வச்சுக்கிடுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள் முத்துசெல்வி.

பூவனநாதனுக்குக் கோபம் ஏறியது. போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டார்.

"கூப்பிடுங்க. அதுக்கு முன்ன இவியளை எல்லாம் டீ குடிக்க அனுப்புங்க அண்ணாச்சி. உங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்தை."

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. கொம்பையாவும் கடப்பாரையைச் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்.

"உடைக்கணும்னா உடைங்க" என்றாள். "ஆனா திறப்பு விழாவுக்கு நீங்களும் உங்க வீட்டு ஆட்களும் இந்த வாசலுக்குத்தான் வரணும். உள்ள கால் வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் படிக்கு வெளிய நின்னே கேட்டுட்டுப் போகணும். எங்க தாத்தா இந்த ஹாலுக்கு அப்படித்தான் வந்தாவ."



"எனக்கு இது தெரியாது தாயி."

"தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு முன்வாசல் மட்டும்தான் தெரியும். எங்கப்பாவும் கூட்டாளிகளும் சண்டை போட்டு முன்வாசல் வழியா உள்ள நுழைஞ்சாவ. இனி ஒருத்தரும் எங்களை அங்கன போய் நில்லுன்னு சொல்லிரக் கூடாதுன்னு, அன்னைக்கே அவிய கையாலயே கல்லு சுமந்து அடைச்ச சுவரு இது. என்னைத் தாண்டித்தான் இடிக்கணும்."

அவர் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியவில்லை.

"கடைக்காகன்னு இத்தனை பேரு ஏசும்போது இதைச் சொல்லிருக்கலாம்லா?"

"மேலத்தெருப் பிள்ளைகளும் எங்க தெருப் பிள்ளைகளும் ஒரே தொட்டியில சுண்ணாம்பு குழைக்குதுக. இப்பச் சொன்னா ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பார்க்காதுக. வேலை முடியட்டும். எல்லாத்தையும் உட்காரவச்சு நானே சொல்லுவேன். அதுவரைக்கும் நான் சுயநலக்காரியாவே இருந்துட்டுப் போறேன்."

டீ குடித்தவர்கள் திரும்பி வந்தார்கள். கொம்பையா கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் உடைக்க என்று கேட்டார். எல்லார் கண்ணும் முத்துசெல்வி மேலேயே இருந்தது.

பூவனநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உடைக்க வேண்டாம். அந்தப் பிள்ளையை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் போட்டோவைச் சரியாப் பார்க்கலை. அங்கன வாசலே கிடையாது."