இரண்டு எஜமானர்களின் ஆடு

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பனிமலை இடுக்கில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளத்தாக்கு. அதில் ஒரு வெள்ளாடு குடியிருந்தது. வடக்கு மலையில் ஒரு ஓநாய், தெற்கு மலையில் இன்னொரு ஓநாய். ஆடு இரண்டிடமும் போய், "எஜமான், நான் உங்க ஆடு" என்று கும்பிட்டு, வருஷத்துக்கு ஆளுக்கொரு பாலாடைக்கட்டி கப்பம் கட்டிவந்தது.

ஒரு வருஷம் பனி உருகவே இல்லை. பசியில் காய்ந்துகிடந்த வடக்கு ஓநாய் பாலாடைக்கட்டியை மோந்துகூடப் பார்க்காமல், "இந்தத் தடவை உன்னையே தின்னுடப்போறேன்" என்றது.

ஆடு இன்னொருதரம் கும்பிட்டது. குரலில் பயத்தைக் காட்டவில்லை.

"தாராளமா சாப்பிடுங்க எஜமான். ஆனா சாயங்காலத்துக்குள்ள தெற்கு எஜமானுக்கும் கப்பம் போகணும். போகலேன்னா, தன் ஆட்டைத் தின்னது யாருன்னு கேட்க அவரே இங்க வந்துடுவாரு."

ஓநாய் தெற்கு மலையை ஒருதரம் பார்த்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டது.

"சரி சரி, வச்சிட்டுப் போ. பார்த்துப் போ, அந்தத் தெற்கத்தியான் பொல்லாதவன். உன்மேல கை வச்சான்னா எங்கிட்ட வந்து சொல்லு!"

"உங்களைவிட்டா எனக்கு யாரு இருக்கா, எஜமான்?" என்றது ஆடு.

கழுத்துமணி கணகணக்க, கொம்பை நிமிர்த்திக்கொண்டு மலையிறங்கியது. அடுத்த வருஷம் பாலாடைக்கட்டியைக் கொஞ்சம் சின்னதாகச் செய்தால் போதும் என்று தோன்றியது அதற்கு.